ராணுவத்தில் பாலியல் வன்முறை: கையோடு செய்ய வேண்டியவை

அமெரிக்கப் படையில் பணிபுரியும் உங்களுக்கோ உடன் பணிபுரிபவருக்கோ பாலியல் வன்முறை நேர்ந்தால், குற்றம் உங்களுடையதல்ல. அடுத்த அடி உங்கள் கையில்.

1. பாதுகாப்பான இடத்துக்குச் சென்று 877-995-5247 என்ற சேஃப் ஹெல்ப்லைனை அழையுங்கள். 24 மணி நேரமும் பேசலாம். பெயர் சொல்லத் தேவையில்லை.

2. குளிக்காமல், பல் துலக்காமல் மருத்துவப் பரிசோதனைக்குப் போங்கள். உடுத்தியிருந்த துணிகளைக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். குளித்துவிட்டாலும் தயங்காமல் போங்கள்.

3. மேலதிகாரியிடம் சொல்லும் முன் 'சார்க்' எனப்படும் உதவி ஒருங்கிணைப்பாளரைப் பாருங்கள். மேலதிகாரிக்குத் தெரிந்தால் அவர் விசாரணைப் பிரிவுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

4. புகாரின் வகையை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். ரகசியப் புகாரில் விசாரணை இல்லாமலே சிகிச்சையும் ஆலோசனையும் கிடைக்கும்; முழுப் புகாரில் விசாரணை நடக்கும். ரகசியத்திலிருந்து முழுப் புகாருக்கு மாறலாம், திரும்ப முடியாது.

5. பாதிக்கப்பட்டோருக்கான ராணுவ வழக்கறிஞரைக் கேளுங்கள். கட்டணமில்லை, அவர் உங்களுக்காக மட்டுமே வாதாடுவார்.

6. முழுப் புகார் தந்தபின் அதே முகாமில் இருக்க மனம் ஒப்பாவிட்டால், விரைவு இடமாற்றம் கேளுங்கள். தாக்கியவரைத் தினமும் எதிர்கொள்ள வேண்டியிருக்காது.

7. புகாரின் வகையைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்திட்ட 2910 எண் படிவத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் உதவித்தொகை கோரும்போது சான்றாகும்.

8. பணியில் இருந்தபோது புகார் தராதவர்களும் முன்னாள் படையினர் நலத்துறை மருத்துவமனையை அணுகலாம். பாலியல் வன்முறையின் பாதிப்புக்கான சிகிச்சை இலவசம்; ஆவணம் கேட்க மாட்டார்கள்.

தோழர் உங்களிடம் மனம் திறந்தால், "நான் உன்னை நம்புகிறேன்" என்று முதலில் சொல்லுங்கள்.