களங் காணாத படைவீரர்



எமது வளர்நிலை வகுப்பிலே 'படைவீரர்' என்னுஞ் சொல்லை விளக்கிக்கொண்டிருந்த வேளை, "ஒரு நாளும் சண்டைக்குப் போகாதவரையும் அப்படிச் சொல்லலாமா, சேர்?" என்று மாணவி ஒருத்தி வினவினாள். சீருடையைக் கண்டால் ஒழுங்கைக்குள் ஒதுங்கி வளர்ந்த எமக்கு, உடனே விடையிறுக்க இயலவில்லை. வீடு சென்று நூல்களைப் புரட்டியபின் எழுதுவதே இப்பாடம்.

இரண்டாம் உலகப் போரிலே ஐக்கிய அமெரிக்கப் படைகளில் ஏறத்தாழ 1 கோடி 60 இலட்சம் பேர் பணியாற்றினர். அவர்களுள் ஏறக்குறைய நாலிலொரு பங்கினர் நாட்டை விட்டு வெளியே அனுப்பப்படவேயில்லை. 1940 செப்டெம்பரில் கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டம் நிறைவேறியது. உணவு விளைவிக்கவும் ஆள் வேண்டுமல்லவா? ஆதலால் 1942 நவம்பரில், இன்றியமையாத கமத்தொழிலாளரின் அழைப்பைப் பிற்போட வழி செய்யப்பட்டது. ஆயினும் கமக்காரரின் பிள்ளைகள் பலர் படையிற் சேர்ந்தே இருந்தனர்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் றொபின்சன் கோட்டை என்றொரு தளம் இருந்தது. குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் படைக்காகப் பேணிய இடம் அது. ஏர்க்குதிரையோடு வளர்ந்த இளைஞனுக்கு அங்குள்ள வேலை புதியதன்று. விடியலில் தீனி, குளம்பு துப்புரவு, இலாடம், பொதி சுமக்கப் பழக்குதல். எழுதுவது எளிது, முரட்டுக் கழுதையின் பின்னங்காலைத் தூக்கிப் பிடிப்பது எளிதன்று. இயந்திரங்களின் போரிலே கழுதைக்கு என்ன வேலை என்பீர்கள். 1944இல் வட பர்மாவில், தெருவில்லாத காட்டு மலைகளிலே, தளபதி மெரிலின் அமெரிக்கப் படைப்பிரிவு தன் சுமைகளை அமெரிக்காவிலிருந்து கப்பலேறிவந்த கோவேறு கழுதைகள் மீதும் ஏற்றிச் சென்றது.

1942 முதல் அத்தளத்தில் நாய்களும் பயிற்றப்பட்டன. குடும்பங்கள் மனமுவந்து கொடுத்த வீட்டு நாய்கள் அவை. போர் முடிந்ததும், மீண்டும் சாதுவாக வாழப் பழக்கப்பட்ட பின்னரே அவை உரியவரிடம் அனுப்பப்பட்டன. இவ்விடத்தைப் படித்தபோது நூலைச் சற்று மூடிவைத்தோம்.

ஜேர்மன் போர்க்கைதிகளும் அங்கே வைக்கப்பட்டனர். நாட்டின் பல பாகங்களில், ஆட்பற்றாக்குறையான கமங்களிலே இத்தகைய கைதிகள் வேலை செய்தனர். மகன் படைக்குதிரைக்குத் தீனி வைக்க, அயல் வயலிலே எதிரிநாட்டு இளைஞன் கிழங்கு பிடுங்கிய காலம் அது.

1945 மேயில் ஐரோப்பாவிற் போர் ஓய்ந்தது. எவரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது? தரைப்படை புள்ளியிட்டுத் தீர்மானித்தது. சேவை மாதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அம்மாதம் கடல் கடந்து கழிந்திருப்பின் மேலும் ஒன்று. பதக்கங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேறு. தொடக்கத்தில் 85 புள்ளி வேண்டியிருந்தது. பிள்ளையோ பதக்கமோ இல்லாமல் மூன்றாண்டு உள்நாட்டிலே நின்றவனுக்கு 36 மாத்திரமே. உயிரைப் பணயம் வைத்தவன் முந்திச் செல்வது நீதியே, எமக்கு மறுப்பில்லை. ஆயினும் இவனுடைய கமத்திலும் பயிர் காத்து நின்றதே!

1944 ஜூனில் இயற்றப்பட்ட மீள்வாழ்வுச் சட்டமோ இவ்வேறுபாட்டைப் பாராட்டவில்லை. போர்க்காலத்தில் 90 நாள் சேவையாற்றி, இழுக்கின்றி விலகியவருக்குக் கல்விச் செலவும், வீடோ கமமோ வாங்கும் கடனுக்கு அரசின் பிணையும் உரியனவாயின. கறுப்பின வீரர் பலருக்கு அவை நடைமுறையில் மறுக்கப்பட்டது இன்னொரு பாடம்.

எனவே, "சொல்லலாம், பிள்ளை" என்று அடுத்த சனிக்கிழமை அம்மாணவிக்கு விடை கூறி, இவற்றையெல்லாம் விளக்கினோம். அவள் சற்று யோசித்தாள்.

"அப்ப, அந்த நாய்களையும் சொல்லலாமா, சேர்?"