இரவு 10 மணிக்கு மேல் வெடிக்க யாருக்கும் உரிமை இல்லை

கேள்வி: ஐயா, எங்கள் வீடு மாதனூரில், பெங்களூர் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். விடியற்காலை எழுந்து சமைத்து வைத்துவிட்டு கம்பெனி வேனைப் பிடிக்க வேண்டும். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் மாப்பிள்ளை அழைப்பு என்று இரவு 11 மணிக்கும் சரவெடி. சாவு விழுந்தால் வீட்டு வாசலிலிருந்து சுடுகாடு வரைக்கும் வெடி. போதாததற்கு, இப்போது பையன்கள் பைக் மேல் கேக்கை வைத்து நடுரோட்டில் வெட்டி, சரியாக 12 மணிக்கு வானவெடி விடுகிறார்கள். மாமனாருக்கு இருதய ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நாத்தனார் பிரசவத்துக்கு வந்து பச்சைக் குழந்தையோடு இருக்கிறாள். போய்க் கேட்டால், "எங்க வீட்டு விசேஷம் என்ன தினமுமா வருது? ஒரு நாள் பொறுத்துக்க மாட்டீங்களா?" என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள். ஊரில் எத்தனை வீடு இருக்கிறது! தனியார் யாரும் பட்டாசு வெடிக்கவே கூடாது என்று சட்டம் போட முடியாதா? போலீசில் சொன்னால் என் பெயர் வெளியே வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
– வாசகி, மாதனூர்

பதில்: சகோதரி, நீங்கள் கேட்கும் சட்டத்தில் முக்கால் பங்கு ஏற்கெனவே இருக்கிறது. தீபாவளிக்கு மட்டும்தான் நேரக் கட்டுப்பாடு என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. வெடிப்பவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள், பல இடங்களில் போலீஸ்காரர்களும்கூட. ஆண்டின் 365 நாளும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் வரும் எந்தப் பட்டாசையும் வெடிக்கக் கூடாது. 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது. பிறகு 2010-இல் ஒலி மாசு விதிகளிலேயே அது சேர்க்கப்பட்டுவிட்டது. கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள், தலைவர் வருகை எதற்கும் அதில் விலக்கு கிடையாது.

அந்த வழக்கு எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளானபோது உதவி கேட்டு அலறியிருக்கிறாள். அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு முழங்கிக்கொண்டிருந்ததால் அவள் குரல் யார் காதிலும் விழவில்லை. பிறகு அவள் தன்னைக் கொளுத்திக்கொண்டு இறந்துபோனாள். பத்திரிகைகளில் வந்த இந்தச் செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஒரு பொறியாளர் 1998-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஏழு ஆண்டுகள் நடந்த அந்த வழக்கில் தலைமை நீதிபதி ஆர்.சி. லகோட்டியும் நீதிபதி அசோக் பானும் சொன்னதன் சாரம் இது: பேச்சுரிமை என்ற பெயரில் அடுத்தவர் காதுக்குள் சத்தத்தைத் திணிக்க முடியாது, நிம்மதியாக வாழ்வதும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம். "ஒரு நாள் பொறுத்துக்கொள்" என்று உங்களிடம் சொல்கிறவர்களுக்கு, உங்கள் தூக்கம் அவர்கள் போடும் பிச்சை கிடையாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கியை இரவு 12 மணி வரை வைத்துக்கொள்ள, ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், மாநில அரசு அனுமதி கொடுக்கலாம். அந்தச் சலுகை மைக் செட்டுக்கு மட்டும்தான், வெடிக்குச் செல்லாது. கோயில் விழாவுக்கு "பர்மிஷன் வாங்கியிருக்கிறோம்" என்று யாராவது காகிதத்தை நீட்டினால் அது எதற்கான அனுமதி என்று படித்துப் பாருங்கள். அதேபோல நம் பக்கத்தில் முகூர்த்தம் அதிகாலை நாலரை மணிக்கே வைக்கிறோம். கெட்டிமேளம் கொட்டும்போது மண்டபத்துக்கு வெளியே வெடிக்கிறார்களே, அதுவும் 6 மணிக்கு முன்னால் என்றால் தடைதான். கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு இரவுகளில் மட்டும் 11.55 முதல் 12.30 வரை உச்ச நீதிமன்றம் 2018-இல் விட்டுக்கொடுத்தது.

அந்த 2018 அக்டோபர் 23 உத்தரவில் உங்களுக்கு உபயோகப்படும் விஷயம் இன்னும் உண்டு. சரவெடி தயாரிப்பது, விற்பது, வெடிப்பது மூன்றுக்குமே தடை. கல்யாணம் போன்ற விசேஷங்களுக்கும் பசுமைப் பட்டாசும் புகை குறைந்த பட்டாசும் மட்டுமே விற்க வேண்டும். தடையை மீறிய பட்டாசு ஓர் எல்லைக்குள் விற்கப்பட்டால் அந்தக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும், அது நீதிமன்ற அவமதிப்பாகவும் கருதப்படும். தீபாவளிக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரம் என்று நீதிமன்றம் வரையறுத்தது. தமிழ்நாடு அரசு நம் வழக்கத்துக்கு ஏற்றபடி காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டது. வருடா வருடம் டி.வி.யில் கேட்கிறோமே, அது இதுதான்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அளவுக்குள்தான் வெடிக்கிறோம்" என்று வாதம் வரும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல், கண நேர உச்சத்தை அளந்தால் 145 டெசிபல் என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் கொடுத்த வழிகாட்டுதலில், பட்டாசு போன்ற திடீர் ஒலிக்கு உச்சமாகப் பெரியவர் காதுக்கு 140, குழந்தையின் காதுக்கு 120 என்று வைத்திருக்கிறார்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில், சட்டப்படி செய்த ஓர் அணுகுண்டின் சத்தம் 145-லிருந்து குழந்தை தாங்கும் 120-க்கு இறங்க 70 மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். இரண்டு பக்கமும் சுவர் இருக்கும் தெருவில் சத்தம் அந்த அளவுக்குக்கூடக் குறையாது, மோதித் திரும்பி வரும். உங்கள் நாத்தனாரின் குழந்தை படுத்திருக்கும் அறைக்கும் வெடி போடும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள். வரம்புக்குள் இருந்தாலும் தெருவுக்குள் வெடிப்பது தவறு என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் தனியார் வெடிக்கு முழுத் தடை வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து. சிவகாசியைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள் இந்தத் தொழிலை நம்பி இருக்கின்றன என்பது ஒரு காரணம். தோல் தொழிலுக்கு வந்த நெருக்கடியைக் கண்ணால் பார்த்த ஊர்க்காரருக்கு அது புரியும். இன்னொன்று, கடைப்பிடிக்க முடியாத தடை கட்டுப்பாடே இல்லாததைவிட மோசம். டெல்லியில் பல ஆண்டுகள் முழுத் தடை இருந்தும் தீபாவளி இரவு வெடி நிற்கவில்லை. கடைசியில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே பசுமைப் பட்டாசுக்கு நாளும் நேரமும் குறித்து அனுமதித்தது. இங்கிலாந்தில் 2004 முதல் வேறு வழியைப் பின்பற்றுகிறார்கள். இரவு 11 மணி முதல் காலை 7 வரை யாரும் வெடிக்கக் கூடாது. தீபாவளி, புத்தாண்டு, சீனப் புத்தாண்டு இரவுகளில் 1 மணி வரை விலக்கு. நம் தீபாவளிக்கு அவர்கள் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதே சட்டம் மற்ற இரவுகளில் கண்டிப்பாகவும் இருக்கிறது. கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் சங்குசக்கரமும் யார் தூக்கத்தையும் கெடுப்பதில்லை. குழந்தைகளிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் பகுதிக்கு என்று கூடுதல் கட்டுப்பாடு தேவை என்றே நினைக்கிறேன், முக்கியமாக வானவெடிக்கு. ஷூ கம்பெனிகளில் ஒட்டுப் பசை, கரைப்பான்கள், ஃபோம், ரெக்சின், தோல் கழிவு என்று தீப்பிடிக்கக் கூடிய பொருள் நிறைய இருக்கும். 'ஷாட்ஸ்' என்று விற்கும் பெட்டியைக் கவனித்திருப்பீர்கள்: வரிசை வரிசையாக அட்டைக் குழாய்கள், ஒரே திரி. ஒவ்வொரு குண்டு மேலே கிளம்பும்போதும் பெட்டி கீழே ஓர் உதை வாங்கும். தரை சமமாக இருந்து, இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தால் பெட்டி நிற்கும். ரோட்டோர ஜல்லியில் சும்மா வைத்தால் நாலைந்து குண்டு போவதற்குள் சாய்ந்துவிடும். அப்புறம் வருவதெல்லாம் ஆள் உயரத்தில், கூட்டத்துக்குள்ளோ கூரைக்குள்ளோ பாயும். பெங்களூர் ரோட்டில் வேகமாக வரும் லாரிக்கும் பைக்குக்கும் முன்னால் அப்படி ஒன்று பாய்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

வெடியைச் சேர்த்து வைப்பதும் கொண்டுபோவதும் எவ்வளவு ஆபத்து என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2021 ஏப்ரல் 18 அன்று வேலூர் மாவட்டம் லத்தேரியில் ஒரு பட்டாசுக் கடை தீப்பிடித்தது. கடைக்காரரும் பேரப்பிள்ளைகள் இருவரும் உள்ளே சிக்கி இறந்தார்கள். அதே ஆண்டு தீபாவளியன்று, புதுச்சேரிக்குப் பக்கத்தில் கோட்டக்குப்பத்தில், நாட்டு வெடி மூட்டையோடு ஸ்கூட்டரில் போன தகப்பனும் 7 வயது மகனும் நடுரோட்டில் சிதறிப்போனார்கள். நாட்டு வெடியை உங்கள் தெருவில் யார் கொண்டுவந்தாலும் அது 'விசேஷம்' என்ற கணக்கில் சேராது. உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

சாவு ஊர்வலத்தைப் பற்றி யோசித்துத்தான் எழுதுகிறேன். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு அந்த நேரத்தில் போலீசை அனுப்பாதீர்கள். பெரும்பாலும் பகலில் நடப்பது. இரவுத் தடை அதற்குப் பொருந்தாது. ஊர்ப் பெரியவர்கள் மூலம் முன்கூட்டியே பேசி, வீடுகள் இருக்கும் தெருக்களிலும் ஹைவேயிலும் வெடி வேண்டாம், சுடுகாட்டுத் திடலில் வைத்துக்கொள்ளுங்கள் என்று முடிவெடுப்பதுதான் வழி. இதில் ஒன்று எனக்கு மிக முக்கியம். கட்டுப்பாடு வரும்போது அது முதலில் காலனியிலிருந்து வரும் சாவு ஊர்வலத்தின் மேல் பாய்கிறது. கட்சிக்காரர் வரவேற்புக்கு ஹைவேயில் விரிக்கிற பத்தாயிரம் வாலா மேல் பாய்வதில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்காத கட்டுப்பாட்டுக்கு நான் ஆதரவு தர மாட்டேன். கோயில், மசூதி, சர்ச், கட்சி, காலனி, மண்டபம் எல்லாவற்றுக்கும் ஒரே கடிகாரம் இருக்க வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இரவு 10 மணிக்கு மேல் வெடித்தால் 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். இடம், நேரம், என்ன வெடி என்று மட்டும் சொல்லுங்கள். பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். வாசலுக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள். வீட்டுக்குள்ளிருந்தே அரை நிமிஷம் வீடியோ எடுத்து வையுங்கள், நேரம் தெரிகிற மாதிரி. அடிக்கடி நடக்கிற இடமென்றால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 288-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பொதுத்தொல்லைக்கு 292-ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரை அபராதம். தொகை சின்னதுதான், ஆனாலும் கேஸ் என்று ஒன்று பதிவானால் அடுத்த விசேஷக்காரர் யோசிப்பார்.

ஒரே மண்டபத்தால் திரும்பத் திரும்பத் தொல்லை என்றால் கோட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். ஆம்பூர் வட்டம் வாணியம்பாடி கோட்டத்தில் வருகிறது. பொதுத்தொல்லையை நிறுத்தச் சொல்லி மண்டப உரிமையாளருக்கே நிபந்தனை உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது (பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பிரிவு 152). இதைத் தனியாகச் செய்யாதீர்கள். உங்கள் மகளிர் குழுவில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் யார் பெயரும் தனியாகத் தெரியாது.

பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இது புதிய வழியும் இல்லை. டேனரிக் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தபோது வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்துகிறவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என உச்ச நீதிமன்றம் அறிவித்தது. இந்தியா முழுவதும் இன்றைக்கும் வக்கீல்கள் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். டேனரி முதலாளிகளுக்கு எதிராகவே நின்று காட்டிய பகுதி உங்களுடையது.

அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கிறது. வெடிக்க ஊருக்கு வெளியே ஒரு திடல், இரவு 10 மணிக்குள் நேரம், ஹைவேயில் வெடி கூடாது, மண்டபத்தில் புக்கிங் ரசீதிலேயே இந்த நிபந்தனை அச்சாக வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். தீர்மானத்தை மீறினால் ஜெயில் என்று ஊராட்சி சொல்ல முடியாது, ஆனால் ஊர்க்கட்டுப்பாட்டுக்கு இருக்கும் பலத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கிராமங்களில் பறவைகள் மிரண்டு போகக் கூடாது என்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை. யாரும் அவர்களைப் பிடித்து உள்ளே தள்ளி அதைச் செய்ய வைக்கவில்லை.

மண்டபக்காரரிடம் முன்பணம் பற்றியும் பேசுங்கள். 10 மணிக்கு மேல் வெடித்தால் முன்பணத்திலிருந்து ஒரு தொகை பிடித்துக்கொள்வோம் என்று ரசீதில் ஒரு வரி சேர்த்தாலே பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தாங்களாகவே பையன்களை அடக்கிவைப்பார்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கு புக்கிங் முன்னாலேயே தொடங்கிவிடும். அதற்குள் பேசி முடித்துவிடுங்கள்.