மேற்குச் சுவருக்குக் கொடிப் பந்தல்

ராத்திரி பத்து மணிக்கும் படுக்கையறைச் சுவர் கையைச் சுடுகிறதா? பெரும்பாலும் அது மேற்குச் சுவராக இருக்கும். ஏசியை மாற்றுமுன் இதைச் செய்து பாருங்கள்.

முதலில் மொட்டை மாடி. வெடிப்பை அடைத்து வெள்ளைப் பூச்சு அடித்தால் போதும். மண்ணைக் கொட்டித் தோட்டம் போடும் ஆசை வேண்டாம். ஓரடி உயர ஈரமண் சதுர அடிக்கு 50 கிலோவரை இருக்கும். வீட்டு மாடிக்கு வழக்கமாகக் கணக்கிடும் கூடுதல் பாரமோ 15 கிலோ அளவுதான். தொட்டி வைத்தே தீருவேன் என்றால் பீமுக்கு நேர்மேலே வையுங்கள்.

இனி சுவர். சன்ஷேடு உச்சி வெயிலைத்தான் தடுக்கும். நாலு மணி வெயில் சாய்ந்து வந்து நேரே சுவரில் அறையும். உள்பக்கம் திரை போட்டு என்ன செய்ய? சூடு அதற்குள் செங்கல்லில் இறங்கிவிட்டது. வெளியிலேயே மறிக்க வேண்டும். அதற்குக் கொடிதான் மலிவு.

பலரும் சறுக்குவது இங்கேதான். சுவரோடு ஒட்டி ஏறும் கொடியை நட்டுவிடுகிறார்கள். வேர் பூச்சு வெடிப்பில் புகும், மழைக்காலத்தில் ஓதம் அடிக்கும். சுவரிலிருந்து முக்கால் அடி தள்ளி ஜிஐ பைப் சட்டம் நிறுத்தி, அதில் வெல்ட் மெஷ் கட்டுங்கள். ஆங்கர் போல்ட்டைத் தூணிலோ பீமிலோதான் அடிக்க வேண்டும். செங்கல்லில் அடித்தால் புயல் நாளில் கொடியோடு பெயர்ந்து வரும். இடைவெளியில் பழைய சாமான் எதையும் செருகாதீர்கள். சூடான காற்று அந்த வழியாகத்தான் மேலேறி வெளியேறும். அடியில் ஓரடி வெற்றாக இருக்கட்டும், கரையான் ஏறினால் கண்ணில் படும். மேலே கைப்பிடிச் சுவருக்கு இரண்டடி கீழேயே கொடியை நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் எலிக்கு ஏணி.

கொடி என்றால் ரங்கூன் மல்லி. காகிதப்பூ கூடவே கூடாது. அந்த முள்ளில் ஒருதரம் கவாத்து செய்தவர் மறுதரம் கூப்பிட்டால் வரமாட்டார். சுவரை விட்டு இரண்டடி தள்ளி நிலத்திலேயே நடுங்கள், தொட்டி மண் மே மாதம் தாங்காது. புரட்டாசியில் நட்டாலும் முதல் கோடைக்குள் சட்டம் முழுக்க மூடாது. அந்த ஒரு வருடத்துக்கு, தையில் நாலு பீர்க்கன் விதை ஊன்றிவிடுங்கள். காயும் கிடைக்கும்.

ஏசி வந்தபோது அட்டை வைத்து அடைத்த வென்டிலேட்டரைத் திறந்து கொசுவலை அடியுங்கள். ராத்திரி வெக்கை இறங்க அது போதும். ஏசியின் வெளி யூனிட் பந்தல் பக்கம் இருந்தால் அதைச் சுற்றி மூன்றடிக்குக் கொடியை அண்டவிடாதீர்கள். இலை அடைத்தால் மிச்சம் பிடித்த கரண்ட் அங்கேயே போய்விடும்.