சுருதி சேர்க்கும் மின்னியல் கருவி

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பெர்ஹாலா சாலையில் அமைந்துள்ளது 'டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' எனும் கலைக்கூடம். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி அவர்களால் 1981ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இக்கலைக்கூடம், இசையையும் நடனத்தையும் இளைய தலைமுறைக்குக் கற்பித்து வருகிறது. இத்தகைய இசைப்பள்ளிகளில் வகுப்பு தொடங்கும் முன் ஒரு காட்சியைக் காணலாம். வயலின் பயிலும் மாணவர்கள், துணி உலர்த்தும் கவ்வியைப் போன்ற சிறு கருவி ஒன்றைத் தங்கள் வயலினின் தலைப்பகுதியில் மாட்டுவர். பிறகு, தந்தியை மெல்ல மீட்டுவர். கருவியின் திரையில் ஓர் எழுத்து தோன்றும். அதன் கீழ் ஒரு முள் இடமும் வலமும் அசையும். மாணவர்கள் முறுக்காணியைச் சற்றே திருகுவர். முள் நடுவில் வந்து நின்றதும் திரை பச்சை நிறமாக மாறும். இக்கருவியே 'டியூனர்' எனப்படும் சுருதி சேர்க்கும் கருவியாகும்.

'சுருதி மாதா, லயம் பிதா' என்பது இசையுலகின் முதுமொழி. தாயின்றிப் பிள்ளை இல்லை. சுருதியின்றி இசை இல்லை. பாடகர் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், உடன் வாசிக்கும் வயலின் சற்று ஏறியோ இறங்கியோ ஒலித்தால் கேட்பவரின் காது கூசும். ஆகவேதான், கச்சேரி தொடங்கும் முன்னரும் பாடல்களுக்கு இடையிலும் கலைஞர்கள் தங்கள் இசைக்கருவிகளைச் சுருதி சேர்த்துக்கொள்கின்றனர்.

ஒருமுறை சேர்த்த சுருதி ஏன் நிலைத்து நிற்பதில்லை? நம் நாட்டின் தட்பவெப்பமே அதற்கு ஒரு முக்கியக் காரணம். கோலாலம்பூரில் காலையில் வெயில் கொளுத்தும்; மாலையில் இடியுடன் மழை பெய்யும். காற்றிலுள்ள ஈரத்தை மரமும் தோலும் உறிஞ்சிக்கொள்கின்றன. ஈரத்தால் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து, அதன் சுருதி இறங்கிவிடுகிறது. உலோகத் தந்தியோ வெப்பத்தில் சற்று நீளும், குளிரில் சுருங்கும். தந்தி நீண்டால் இழுவிசை குறைந்து சுருதி இறங்கும். சுருங்கினால் இழுவிசை கூடிச் சுருதி ஏறும். புல்லாங்குழல் இதற்கு நேர்மாறானது. குழலினுள் இருக்கும் காற்று குளிர்ந்தால் அதன் சுருதி இறங்கும். எனவே, வெளியே நன்றாகச் சுருதி சேர்ந்திருந்த வீணையும் புல்லாங்குழலும் குளிரூட்டப்பட்ட மண்டபத்திற்குள் நுழைந்ததும் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கும். இந்த விலகலை உடனுக்குடன் கண்டறிந்து சரிசெய்ய டியூனர் உதவுகிறது.

டியூனர் எவ்வாறு இயங்குகிறது? தந்தி அதிரும்போது இசைக்கருவியின் மரமும் சேர்ந்து அதிர்கிறது. கவ்வியினுள் இருக்கும் உணரி அந்த அதிர்வை மின்சைகையாக மாற்றுகிறது. ஒரு விநாடியில் எத்தனை அதிர்வுகள் நிகழ்கின்றன என்பதைக் கருவியிலுள்ள நுண்சில்லு கணக்கிடுகிறது. இதனை அதிர்வெண் என்பர். அதன் அலகு ஹெர்ட்ஸ் ஆகும். கணக்கிட்ட அதிர்வெண்ணை, நுண்சில்லு தன்னிடம் பதிவாகியுள்ள சுரங்களின் அதிர்வெண்களுடன் ஒப்பிட்டு, மிக நெருங்கிய சுரத்தின் பெயரைத் திரையில் காட்டுகிறது. 'ஏ' என்னும் சுரத்திற்கு 440 ஹெர்ட்ஸ் என்பது உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. அதற்கு அடுத்த சுரத்தின் அதிர்வெண் ஏறக்குறைய 466 ஹெர்ட்ஸ். இவ்விரு சுரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவை நூறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் 'சென்ட்' என அழைக்கின்றனர். முள் எத்தனை சென்ட் விலகியிருக்கிறது என்பதைப் பார்த்தே முறுக்காணியைத் திருக வேண்டும். கவ்வி வகை டியூனர் மரத்தின் அதிர்வை நேரடியாக உணர்வதால், அருகில் பத்துப் பேர் வாசித்துக்கொண்டிருந்தாலும் அது பெரும்பாலும் குழம்புவதில்லை. திறன்பேசியில் உள்ள டியூனர் செயலிகள் ஒலிவாங்கியைச் சார்ந்திருப்பதால், அவற்றுக்கு அமைதியான சூழல் தேவைப்படுகிறது.

இக்கருவி ஒரே நாளில் தோன்றிவிடவில்லை. 1711ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஷோர் என்னும் எக்காளக் கலைஞர் இசைக்கவையை உருவாக்கினார். அதனைத் தட்டினால் ஒரே ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும். 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கான் நிறுவனம் சுழலும் வட்டுகளையும் ஒளியையும் கொண்டு சுருதியைக் காட்டும் மின்கருவியை வெளியிட்டது. ஆனால், அது பெரியதாகவும் கனமாகவும் இருந்தது. 1975ஆம் ஆண்டில் ஜப்பானின் கோர்க் நிறுவனம் கையில் எடுத்துச் செல்லக்கூடிய முள் வகை டியூனரை அறிமுகப்படுத்தியது. அன்று கையடக்கமாக வந்த கருவி இன்று விரல் அளவிற்குச் சிறுத்துவிட்டது.

இதே காலக்கட்டத்தில் இந்திய இசைக்கும் மின்னியல் துணை கிடைத்தது. பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண் ஒரு பொறியாளர், புல்லாங்குழல் கலைஞரும்கூட. அவர் 1979ஆம் ஆண்டில் மின்னியல் தம்புராவை உருவாக்கினார். நான்கு தந்திகளையுடைய தம்புராவைச் சுமந்து செல்லவும் அதைச் சுருதி சேர்த்து மீட்டவும் ஒருவர் தேவை. மின்னியல் தம்புராவோ பைக்குள் அடங்கிவிடுகிறது. கோவில்களில் நாகசுரத்திற்குத் துணையாக ஒத்து ஊதி வந்தவரின் இடத்தையும் இன்று பல இடங்களில் சுருதிப் பெட்டி எடுத்துக்கொண்டுள்ளது. டியூனர் சுருதியை அளந்து காட்டும். சுருதிப் பெட்டி சுருதியை ஒலித்துக் காட்டும். இரண்டின் பணிகளும் வெவ்வேறானவை.

கர்நாடக இசை பயில்வோர் டியூனரைப் பயன்படுத்தும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நம் இசையில் சுருதியைக் 'கட்டை' என்னும் அளவால் குறிப்பர். ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணியதால் வந்த வழக்கு இது. டியூனரின் திரையிலோ ஆங்கில எழுத்துகளே தோன்றும். 'சி' என்றால் ஒரு கட்டை. 'டி' என்றால் இரண்டு கட்டை. 'ஜி' என்றால் ஐந்து கட்டை. மேலை இசையில் வயலினின் நான்கு தந்திகளும் ஜி, டி, ஏ, இ எனச் சேர்க்கப்படும். கர்நாடக இசையில் அவை ச, ப, ச, ப எனச் சேர்க்கப்படும். எனவே, இரண்டு கட்டைச் சுருதியில் வாசிப்பவர், தந்திகளை டி, ஏ, டி, ஏ என அமைக்க வேண்டும். டியூனரை வயலினுக்குரிய அமைப்பில் வைத்தால் அது குழப்பும். பன்னிரண்டு சுரங்களையும் காட்டும் அமைப்பில் வைப்பதே சரியாகும்.

அப்படியானால், முள் நடுவில் நின்றாலே போதுமா? இங்குதான் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. ஷட்ஜமத்தின் அதிர்வெண் 240 எனக் கொள்வோம். இயற்கையான இசைவின்படி பஞ்சமம் அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 360. அந்தர காந்தாரம் அதைப்போல் ஒன்றேகால் மடங்கு, அதாவது 300. ஆனால், டியூனர் பன்னிரண்டு சுரங்களையும் சமமான இடைவெளியில் பிரித்து வைத்திருக்கிறது. அதன் கணக்கில் பஞ்சமம் 359.6; அந்தர காந்தாரம் 302.4. பஞ்சமத்தில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. பெரும்பாலோர் அதை உணரமாட்டார்கள். காந்தாரத்தில் உள்ள வேறுபாட்டைப் பயிற்சி பெற்ற காது உடனே கண்டுகொள்ளும். முள் 'சரி' என்று காட்டும் இடத்தில், தம்புராவோடு சேர்த்துக் கேட்கும் ஆசிரியர் 'சற்று இறக்கு' என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பின்பற்றும் அளவுகோல்கள்தாம் வேறு.

மிருதங்கம் இன்னொரு சான்று. பொதுவாக, தோற்கருவிகளின் ஒலியில் தெளிவான சுரம் அமைவதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கத்தில் பூசப்படும் கரிய கரணை அக்குறையைப் போக்கி, இசைவான மேற்சுரங்களை எழுப்புகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த அறிவியலாளர் சர் சி.வி. இராமன் இதனை ஆராய்ந்து 1920ஆம் ஆண்டில் வெளியிட்டார். எனவே, மிருதங்கத்தையும் சுருதி சேர்க்க முடிகிறது. கலைஞர், விளிம்புப் பின்னலை மேலிருந்து தட்டிச் சுருதியை ஏற்றுவார். கீழிருந்து தட்டி இறக்குவார். ஒலி சட்டென அடங்கிவிடுவதால் டியூனரின் முள் இங்கு நிலையாக நிற்காது. விளிம்பைச் சுற்றிலும் ஒவ்வோர் இடமாகத் தட்டி, எல்லா இடங்களும் ஒன்றுபோல் ஒலிக்கின்றனவா என்று காதால்தான் கேட்டறிய வேண்டும்.

காதைப் பழக்குவது எப்படி? அதற்கு இயற்கையே வழிகாட்டுகிறது. 240 ஹெர்ட்ஸில் ஒரு தந்தியும் 243 ஹெர்ட்ஸில் மற்றொரு தந்தியும் ஒன்றாக ஒலித்தால், ஒலி விநாடிக்கு மூன்று முறை உயர்ந்து தாழும். இதனை விம்மல் என்பர். தந்தியை முறுக்கச் சுருதி நெருங்கும், விம்மல் மெதுவாகும். இரண்டும் ஒன்றானதும் விம்மல் மறைந்து, இரு தந்திகளும் ஒரே குரலாக ஒலிக்கும். டியூனர் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே கலைஞர்கள் இவ்வாறு கேட்டுத்தான் தங்கள் கருவிகளைச் சுருதி சேர்த்தனர்.

எனவே, இசை பயிலும் மாணவர்கள் டியூனரை ஒதுக்க வேண்டியதில்லை. அதை மட்டுமே நம்பவும் கூடாது. முதலில் சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, கண்களை மூடிக்கொண்டு தந்தியைச் சேர்க்க வேண்டும். 'சேர்ந்துவிட்டது' என்று மனம் சொன்ன பிறகே கண்களைத் திறந்து டியூனரைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் முள் வெகுவாக விலகியிருக்கலாம். நாள்தோறும் பயிற்சி செய்தால் அவ்விலகல் குறைந்துகொண்டே வரும். மேடையில் டியூனரின் மின்கலம் தீர்ந்துபோகும் நாளிலும், அப்படிப் பழகிய காது கைகொடுக்கும்.