மண்ணுள் மறைந்த பொன்

ஆரணி நகர் பட்டு நெசவிற்குப் பெயர் பெற்றது. ஆங்கு நெய்யப்படும் சேலைகளுக்கு அழகூட்டுவது சரிகை. தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியை நூலின்மேல் சுற்றிப் பொன்முலாம் பூசுவதால் உண்டாவதே நல்ல சரிகை. இவ்விரு உலோகங்களும் மண்ணுள் எவ்வாறு உறைகின்றன? அவற்றை எவ்வாறு கண்டறிகின்றனர்?

வெள்ளி பெரும்பாலும் ஈயம், துத்தநாகம் ஆகியவற்றின் தாதுக்களோடு கலந்து கிடைக்கும். இராசத்தானத்துச் சாவர் சுரங்கங்கள் இதற்குச் சான்றாகும். பொன்னோ, வெண்ணிறப் படிகக்கல் நரம்புகளில் நுண்துகளாய் மறைந்திருக்கும். பைரைட்டு என்னும் கனிமமும் பொன்போல் மின்னி மயக்கும். சம்மட்டியால் அடித்தால் பொன் தகடாகும், பைரைட்டு நொறுங்கும். மெருகிடாத பீங்கானில் உரைத்தால் பொன் மஞ்சட் கீற்றையும், பைரைட்டு கருங்கீற்றையும் இடும்.

ஆரணியை உள்ளடக்கிய பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து தொழிலாளர் பலர் பிழைப்பு நாடிச் சென்ற இடம் கோலார் தங்கவயல். 1802-ஆம் ஆண்டில் வாரன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் அப்பகுதிக்கு நில அளவைக்காக வந்தார். ஊர்மக்கள் மண்ணை அரித்துப் பொன் துகள்களை அவருக்குக் காட்டினர். அச்செய்தியை அவர் எழுதி வைத்தார்.

1880-ஆம் ஆண்டளவில் இலண்டன் முதலாளிகள் அங்குச் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். இடமறியாது தோண்டியமையால் முதலின் பெரும்பகுதி கரைந்தது. தொழிலைக் கைவிடும் நிலையும் நேர்ந்தது. அப்போது பிளம்மர் என்னும் சுரங்க வல்லுநர், முன்னோர் தோண்டி விட்டுச் சென்ற பழங்குழிகளைக் கூர்ந்து நோக்கினார். 'பயனின்றி இவ்வளவு தோண்டியிருப்பரோ?' என்பது போன்ற எண்ணமே அவரை வழிநடத்தியது எனலாம். அக்குழிகளின் அடியில் ஆழத் தோண்டவே, வளமிக்க பொன் நரம்பு வெளிப்பட்டது. சாம்பியன் நரம்பு என அது பெயர் பெற்றது.

இக்காலத்தார் முதலில் பாறைகளின் வகையையும் கிடப்பையும் படத்தில் குறிப்பர். பின்னர் அளந்த இடைவெளிகளில் மண்ணும் கல்லும் எடுத்துச் சோதிப்பர். பொன்னின் அறிகுறி தோன்றிய இடத்தில் வாய்க்கால்போல் அகழ்ந்து பார்ப்பர். அதன்பின் துளையிட்டு ஆழத்துப் பாறையை வெளிக்கொணர்வர். ஒவ்வொரு படியிலும் கிடைத்த சான்றை எடைபோட்டே அடுத்த படிக்குச் செலவிடுவர். சான்று இல்லையெனின், அவ்விடத்தை விட்டு நீங்குவதும் அறிவுடைமையே.

கோலார்ச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. ஆழம் மிகமிகச் செலவு பெருகிற்று. கல்லில் பொன்னின் அளவோ குறைந்தது. 2001-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அதனை நம்பி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேடலாயின.

நிலம் தன் செல்வத்தை வாய்விட்டுக் கூறுவதில்லை. அதன் குறிப்புகளையும், அதனை முன்னரே அறிந்த எளிய மக்களின் அனுபவத்தையும் மதித்து ஆராய்பவரே பயன் பெறுவர்.