காக்கி உடுத்தியவர் காயம்பட்டால்...

நம் சங்கத்துக் குடும்பங்களில் சிலருடைய பிள்ளைகள் கேரளப் போலீசிலும் தீயணைப்புத் துறையிலும் பணியாற்றுகிறார்கள். இரண்டொருவர் துறைமுகத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையில் இருக்கிறார்கள். நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஓய்வூதியக் கணக்கு கேட்டு இவர்கள் என்னிடம் வருவதுண்டு. எல்லோரும் கேட்பது "ரிட்டயர் ஆனால் எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான். "அதற்கு முன்பே கையோ காலோ போய்விட்டால் என்ன ஆகும்?" என்று யாரும் கேட்பதில்லை. வாயில் வராத கேள்விதான், ஆனால் தீயோடும் கலவரத்தோடும் பிழைப்பவர் வீட்டில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. கேரள அரசுப் பணியில் 2013 ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முன் சேர்ந்தவருக்கு ஓய்வு வயது 56. கடைசிப் பத்து மாதச் சம்பளத்தின் சராசரியில் பாதி, முழு ஓய்வூதியம். அதற்கு 30 ஆண்டு சேவை வேண்டும். குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும். சராசரி 48,000 ரூபாய், சேவை 24 ஆண்டு என்றால் 24,000 ரூபாயில் முப்பதில் இருபத்து நான்கு பங்கு, அதாவது 19,200 ரூபாய். அந்தத் தேதியிலும் அதன் பிறகும் சேர்ந்தவர்களுக்கு ஓய்வு வயது 60. அவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். சம்பளத்தில் பிடித்த பணமும் அரசு போட்ட பணமும் சந்தையில் வளர்வதைப் பொறுத்தது அவர்கள் பங்கு. தன் பிள்ளை எந்தப் பக்கம் என்பதைப் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. பணியில் ஒருவர் ஊனமுற்றால், சுற்றியிருப்பவர்கள் ஆறுதலாகச் சொல்வது "இன்வாலிட் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இரு" என்பதே. மருத்துவ வாரியம் தகுதியற்றவர் என்று எழுதிவிட்டால் வேலை போனதாகவே குடும்பமும் எண்ணிக்கொள்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

எங்கள் ரயில்வேயில் இது பழைய சங்கதி. கண்பார்வை குறைந்த எஞ்சின் டிரைவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. 'டீகேட்டகரைஸ்' செய்து, உடம்புக்கு ஏற்ற வேறு வேலை தேடித் தருவார்கள். தண்டவாளத்தில் சுத்தியல் பிடித்த கை முடமானால், அந்த ஆளை அலுவலகத்தில் உட்கார வைப்போம். 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் 47-ஆம் பிரிவு இதை அரசு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக்கியது. பணியில் இருக்கும்போது ஊனம் நேர்ந்தால் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. அதே சம்பளத்தில் வேறு பணியிடம் தர வேண்டும். காலியிடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உண்டாக்கி, தகுந்த இடம் வரும்வரையோ ஓய்வு வயது வரையோ அதில் வைத்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் 20-ஆம் பிரிவில் இது தொடர்கிறது.

இந்தப் பிரிவின் பலத்தைக் காட்டியவர் ஒரு சாதாரணக் கான்ஸ்டபிள். குணால் சிங் என்பவர் எஸ்.எஸ்.பி. படையில் இருந்தார். பணியில் இடது காலில் பட்ட அடி அழுகலாகி, காலையே எடுக்க வேண்டியதாயிற்று. 1998-இல் அவரைத் தகுதியற்றவர் என்று வெளியேற்றினார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 2003 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசுத் தரப்பு "இவர்தான் இன்வாலிட் பென்ஷன் பெற்றுவிட்டாரே" என்று வாதாடியது. பென்ஷன் கொடுத்தது, சட்டம் தரும் வேலைப் பாதுகாப்பை மறுக்கக் காரணம் ஆகாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. எனக்குத் தெரிந்து ஒரு கான்ஸ்டபிள் வாங்கித் தந்த தீர்ப்புகளில் இதைவிடப் பயனுள்ளது இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வேலையின் தன்மையைப் பார்த்து விலக்கு அளிக்க அரசுக்கு அதே சட்டம் அதிகாரம் தருகிறது. 2021 ஆகஸ்டில் மத்திய ஆயுதக் காவல் படைகளின் களப்பணியாளர்களுக்கு மத்திய அரசு அப்படி விலக்கு அளித்தது. குணால் சிங் இருந்த படையும் துறைமுகத்தில் காவல் நிற்கும் படையும் அதில் அடங்கும். ஆகவே துறைமுகத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் தீர்ப்பை மட்டும் நம்பியிருக்க முடியாது. அவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. 2004 ஜனவரி 1-ஆம் தேதிக்குப் பின் சேர்ந்து பங்களிப்புத் திட்டத்தில் இருந்தாலும், ஊனத்தால் வெளியேற நேர்ந்தாலோ இறந்தாலோ பழைய விதிப்படியே பென்ஷன் கேட்கும் விருப்பப் படிவம் ஒன்றை 2021 விதிகள் தருகின்றன. அதை நிரப்பிக் கொடுத்தார்களா என்று இன்றே கேளுங்கள்.

ஊனம் பணியால் நேர்ந்தது என்று நிரூபித்தால் தொகை கூடும். மத்திய விதிகளில், பணியின்போது விபத்தில் நூறு சதவீத ஊனம் என்றால் சாதாரணப் பென்ஷனோடு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம் சேரும். வழக்கெல்லாம் இந்த 'நிரூபித்தால்' என்ற சொல்லில்தான் சிக்குகிறது.

எலும்பு முறிவை எக்ஸ்ரே காட்டிவிடும். புகை அப்படியல்ல. 2023 மார்ச் 2-ஆம் தேதி பிரம்மபுரம் குப்பை மலையில் பற்றிய தீயை அணைக்கப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. நம் வீடுகளில் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தீயணைப்பு வீரர்கள் அந்தப் பிளாஸ்டிக் புகைக்குள்ளேயே நின்றார்கள். அவர்களில் ஒருவருக்குப் பத்து ஆண்டு கழித்து நுரையீரல் கெட்டால், "இவர் பீடி குடித்திருப்பார்" என்று யாராவது ஓர் அதிகாரி எழுதிவிடலாம். அன்று அவர் அங்கே இருந்தார் என்பதற்கு நிலையப் பதிவும், மூச்சுத் திணறலுக்கு அன்றே பார்த்த மருத்துவச் சீட்டும் இருந்தால்தான் பேச முடியும். பிராமணர் வீட்டுப் பஞ்சாங்கம் போல அந்தக் காகிதங்களைக் காப்பாற்றுங்கள்.

சிறு அடியானாலும் அன்றே நிலையத்து நாட்குறிப்பில் எழுதச் சொல்ல வேண்டும். தேதி, நேரம், இடம், என்ன வேலையில் இருந்தார் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அரசு மருத்துவமனைக் காயச் சான்றிதழின் நகல் வீட்டில் இருக்கட்டும். குழு விபத்துக் காப்பீடு, குழுக் காப்பீடு இவற்றில் நியமனதாரர் பெயரைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய அம்மா பெயரே பல பேருக்கு மாறாமல் கிடக்கிறது. அம்மா காலமாகி வருஷமும் ஆகியிருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் மனைவி பெயரும் ரேஷன் கார்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்பதும் முக்கியம். தமிழில் 'முத்துலட்சுமி', மலையாளத்தில் எழுதும்போது வேறு எழுத்து, ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்து என்று போய், குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊனமுற்றவர் கையெழுத்துக்கு ஏதாவது காகிதம் நீட்டப்பட்டால், "என் விருப்பத்தின்படி" என்ற சொல் அதில் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். முதல் மனு மாற்றுப் பணி கேட்டு இருக்கட்டும். பென்ஷன் மனு பிறகு. மலையாளத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதலாம். அசல் காகிதங்கள் வேண்டாம், நகல் போதும்.