கணிகண்ணர் காட்டிய திண்மை



நரை கண்டவரே நெறி அறிவர் என்றும், இளையோர்க்கே துணிவு உண்டு என்றும் உலகத்தார் கூறுவர். நற்குணமும் துணிவும் இவ்வாறு வயதால் பங்கிடப்படுவன அல்ல. பூவிருந்தவல்லிக்கு மேற்கே, அண்மையிலுள்ள திருமழிசையில் தை மகத்தில் அவதரித்த பக்திஸாரரின் சரிதமே இதற்குச் சான்று.

குழந்தைப் பருவத்து ஆழ்வாருக்கு நாள்தோறும் பால் கொணர்ந்த முதிய தம்பதியர், அவர் அமுது செய்த சேஷத்தைப் பருகி இளமை பெற்றனர். அவர்கள் ஈன்ற மகனாரே கணிகண்ணர். ஆழ்வாரின் சீடரானவர் என்று குருபரம்பரை கூறும்.

பின்னர் ஆழ்வார் காஞ்சியில் திருவெஃகாவில் வாழ்ந்த காலத்தில், அவ்விடத்தை நாளும் மெழுகிக் கோலமிட்டுத் தொண்டு புரிந்தாள் ஒரு மூதாட்டி. ஆழ்வார் அருளால் அவள் இளமை எய்தினாள். அவளை மணந்த பல்லவ மன்னன், தான் மட்டும் மூப்படைவது கண்டு வருந்தினான். தனக்கும் இளமை வேண்டி, ஆழ்வாரை அரண்மனைக்கு அழைத்துவருமாறு கணிகண்ணரைப் பணித்தான். “எம் ஆசார்யர் எவர் மனைவாசலுக்கும் வாரார்” என்றார் அவர். “ஆயின், நீராவது என்னைப் பாடும்” என்றான் அரசன். மானிடரைப் பாட அவர் இசையவில்லை. நாடு நீங்குமாறு ஆணை பிறந்தது.

இனி நிகழ்ந்ததே நாம் உற்றுநோக்கத் தக்கது. ‘இளையவன் அறியாது பேசினான்’ என்று ஆழ்வார் சமாதானம் தேடவில்லை. சீடருடன் தாமும் புறப்பட்டார். ஆழ்வார் வேண்டியவண்ணம் பெருமாளும் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். நகரம் பொலிவிழந்தது. அரசன் மனம் வருந்தி வேண்டியபின் அனைவரும் மீண்டனர். அவர்கள் ஓரிரவு தங்கிய இடமே ஓரிருக்கை. இந்நாளில் ஓரிக்கை என வழங்குகிறது. திருவெஃகாப் பெருமாளும் ‘சொன்ன வண்ணம் செய்த பெருமாள்’ எனும் திருநாமம் பெற்றார்.

மன்னன் நாடியது உடலின் இளமை. அதைப் பெற்றிருந்தாலும் கணிகண்ணரின் திண்மை அவனுக்கு வாய்த்திராது. மூதாட்டியின் தொண்டுக்கு முதுமை தடையாகவில்லை. கணிகண்ணரின் உறுதிக்கு இளமை தடையாகவில்லை. இளையவரின் நியாயத்தைத் தமதாகக் கொள்ள ஆழ்வாருக்கு ஆசார்ய ஸ்தானமும் தடையாகவில்லை. வயதில் மூத்த மதுரகவிகள் இளையவரான நம்மாழ்வாரை ஆசார்யனாகப் பற்றியதும் இந்நெறியே.

நம் இல்லங்களிலும் சிறுவன் ஒருவன் பொய் சொல்ல மறுத்து நிற்கும் வேளை வரும். அப்போது ‘உனக்கென்ன தெரியும்’ என்று அவனை அடக்குதல் எளிது. அவனுடன் நிற்றலே பெரியோர்க்கு அழகு. ‘எனக்கு வயதாகிவிட்டது’ என்று முதியோர் கைங்கர்யத்தினின்று ஒதுங்குதலும் வேண்டா. காஞ்சி செல்லும் அன்பர்கள், மற்றத் தலங்களுக்கு மாறாகத் திருமுடியும் திருவடியும் இடம்வலம் மாறிச் சயனித்திருக்கும் அப்பெருமாளைச் சேவிக்கையில், உறுதிகொண்ட சீடரையும் உடன்நடந்த ஆசார்யரையும் ஒருங்கே நினைவார்களாக.